பேத்தியைப் பார்ப்பதும் பென்சன் கணக்கில் சேரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டனில் என் அக்கா வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாகப் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார். காலை ஏழு மணிக்கு மகள் வேலைக்கு ஓடுவாள், குழந்தை அக்கா இடுப்பில். அந்த வருடங்கள் அவருடைய பென்சன் கணக்கில் வெறுமையாகவே கிடந்தன.

பிரிட்டனில் 2011 ஏப்ரலிலிருந்தே இதற்கு வழி இருக்கிறது. பேரக்குழந்தைக்கு 12 வயது ஆகாமலும் பாட்டியோ தாத்தாவோ அரசு பென்சன் வயதை எட்டாமலும் இருந்தால், வேலைக்குப் போய்த் தேசியக் காப்பீடு (பென்சனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகை) கட்டும் தாய்க்குச் சைல்ட் பெனிஃபிட்டோடு (குழந்தைக்காக அரசு தரும் உதவித்தொகை) கிடைக்கும், அவருக்குத் தேவைப்படாத, பணமாக அல்லாமல் பென்சன் கணக்கில் வருடமாகச் சேரும் வரவை இவர்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். முழு பென்சனுக்குக் கணக்கில் 35 வருடம் சேர வேண்டுமே! ஆனால் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும், சரி, விட்டுப்போன வருடங்களுக்கும் கேட்கலாம்.

அக்காவுக்கு யாருமே சொல்லவில்லை, அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. சைல்ட் பெனிஃபிட் கடிதத்திலேயே இதை ஒரு வரி பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பக் கூடாதா?

– ஒரு வாசகர், ஹாரோ