எந்தப் பணத்தைக் கழிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் இழப்பீடு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு கிடைக்கும் என்று விரிவாக எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து எதையெல்லாம் கழிப்பார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். கூடலூரில் மனு எழுதித் தரும் என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

போன மழைக்காலத்தில் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயனிலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவரை யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். மஞ்சப்பையிலிருந்து எல்.ஐ.சி. கடிதம், பி.எஃப். சீட்டு, அப்புறம் ஒரு பள்ளிக்கூட நோட்டு எடுத்து வைத்தார். கூட வேலை பார்த்தவர்கள் போட்டுக் கொடுத்த பணம் அதில் பெயர்வாரியாகப் பென்சிலில் இருந்தது. "இவ்வளவு வாங்கிட்டீங்க, இனி அரசாங்கம் தராதுன்னு சொல்லிட்டாங்கண்ணா" என்றார். ஒரு அலுவலகத்தில் மனுவையே வாங்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

இது தவறு. காப்பீடு, கருணைத்தொகை, வேறு சட்டப்படி அரசு தந்த பணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு மிச்சத்தைத் தரலாம் என்ற விதி பல மாநிலத் திட்டங்களில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த விதியே மிச்சத்தைக் கொடு என்றுதான் சொல்கிறது, மனுவைத் திருப்பு என்று சொல்லவில்லை. சக தொழிலாளிகள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்ததை அரசு தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்வதில் என்ன நியாயம்?

ஒரே இழப்புக்கு அரசே இரண்டு முறை கொடுக்க வேண்டாம், சரி. ஆனால் எல்.ஐ.சி. பணம் அவர் வருஷக்கணக்கில் கட்டிய பிரீமியத்துக்கு வந்தது. சாலை விபத்து வழக்கு ஒன்றில், ஆயுள் காப்பீட்டுத் தொகையை இழப்பீட்டிலிருந்து கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. 2016-ல் ஹரியானா அரசு ஊழியர் குடும்பம் ஒன்றின் வழக்கில், சம்பளத்துக்கு ஈடாக அரசு தந்த உதவியை மட்டும் கழிக்கலாம், ஓய்வூதியத்தையும் காப்பீட்டையும் தொடக் கூடாது என்றது. குத்திக் கொல்லப்பட்டவர் வீட்டுக்கு மட்டும் வேறு நியாயமா? அமில வீச்சிலும் கூட்டு வன்புணர்விலும் பாதிக்கப்பட்டவருக்காகக் குற்றவாளி கட்டும் அபராதம் தனி, அரசின் இழப்பீடு தனி என்று, குற்ற வழக்குகளின் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 396-வது பிரிவே சொல்கிறது.

தமிழ்நாட்டின் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது. எது கழியும், எது கழியாது என்று ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒட்டக்கூடாதா? மனு கொடுத்தால் இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் அதில் போடுங்கள்.

மனு போடுகிறவர்களுக்கு ஒன்று: பயந்துகொண்டு எதையும் மறைக்க வேண்டாம். வந்த பணம் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று தனித்தனியாக எழுதி, ரசீது நகலை இணையுங்கள். வாங்க மறுத்தால், இழப்பீட்டை முடிவு செய்யும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு, சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அந்த அம்மாவின் மனுவை ஊட்டிக்கு அப்படித்தான் அனுப்பியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி.