கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்,

ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை போட்டுக் கதை ஆடும் உன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தைப் பற்றிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டோம். சரணடைந்த கோப்ளினை, அதாவது அந்தக் குட்டி அரக்கனை, கொல்ல விடமாட்டேன் என்று உன் பாத்திரமான பாலடின், சபதம் எடுத்த புனித வீராங்கனை, வாளை உருவி நின்றாளாம், திருடன் வேடத்தில் ஆடும் பையன் கோபித்துக்கொண்டு எழுந்து போனானாம். கோப்ளினுக்குச் சாப்பாடு போட்டார்களா என்பதுதான் அம்மாவின் கவலை.

நீ விட்டுப்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்தைப் படித்த ஆர்வத்தில் பழைய பதிப்புகளின் விதிகளையும் தேடிப் பார்த்தேன். 1975-ல் பாலடின் முதலில் வந்தபோது கரிஸ்மா, அதாவது ஆளைக் கவரும் திறனுக்கான எண், 17-க்குக் குறையக் கூடாது. அந்த எண்ணுக்கு மூன்று பகடை போட்டால் 216-ல் 4 முறைதான் அப்படி விழும். 1978 விதிகள் இன்னும் கெடுபிடி. பத்து மந்திரப் பொருளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தானம். தெரிந்தே ஒரு தீய காரியம் செய்தால் பாலடின் பட்டம் போனது போனதுதான்.

எனக்கு அந்தக் கெடுபிடி பிடித்திருந்தது. நஷ்டமெல்லாம் பாலடினுக்கே, பக்கத்தில் இருப்பவனுக்கு இல்லை. ஆனால் 1978-லும் சரி, 2000-ல் வந்த பதிப்பிலும் சரி, தீயவர் என்று தெரிந்தால் அவரோடு சேரவே கூடாது என்றும் ஒரு விதி. அதைப் பிடித்துக்கொண்டு பாலடின் ஹாஸ்டல் வார்டன் மாதிரி எல்லாருடைய பையையும் சோதிக்க ஆரம்பித்தால் யார் கூட ஆடுவார்கள்?

நீ எடுத்திருப்பது 2014 பதிப்பில் பாலடின்களுக்கான சபதங்களில் ஒன்றான டிவோஷன் சபதம். எதிரிக்கும் இரக்கம் காட்டு, ஆனால் புத்தியோடு காட்டு என்று அதிலேயே இருக்கிறது. வாக்குக் கொடுத்தது நீ. அப்படியென்றால் கோப்ளினின் கையைக் கட்டு, ராத்திரி முழுக்க நீயே காவல் இரு, உன் பங்கு உணவில் கொடு. அது தப்பி ஓடி ஆள் கூட்டி வந்தால் முதல் அடி உன்மேல் விழட்டும். திருடனைத் திருத்தும் வேலையை யாரும் உனக்குத் தரவில்லை. "என் பாத்திரம் அப்படித்தான்" என்று மட்டும் அந்தப் பையனிடம் சொல்லிவிடாதே, அந்தப் பாத்திரத்தை எழுதியதே நீதானே.

அப்புறம், எப்படிப் போனாலும் சபதம் உடைகிற மாதிரி சிக்கல் வைப்பதில், கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்கள் சிலருக்கு ஒரு குஷி. எதைச் செய்தால் மீறல், மீறினால் பரிகாரம் உண்டா என்பதை சனிக்கிழமை பகடையைத் தொடுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள். நடுவில் கேட்டால் சண்டையில்தான் முடியும்.

அன்புடன்,
அப்பா