ரேகை விழாத விரல்கள்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே மழை விட்டுவிட்டது. கெடிலத்தில் மட்டும் இன்னும் செந்நிறத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கப் போய் நீ பட்ட பாட்டைப் படித்துச் சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. பெருவிரல் விழவில்லை, சுட்டுவிரல் விழவில்லை, கடைசியில் இடது கை மோதிர விரலை வைத்த பிறகுதான் நீ உயிரோடு இருப்பதை மெஷின் ஒப்புக்கொண்டதாமே! காலமெல்லாம் கோப்பில் கையெழுத்துப் போட்டவனைக் கைநாட்டாக்கிவிட்டார்கள் என்று வேறு பொருமியிருக்கிறாய்.

பொருமு, தப்பில்லை. ஆனால் கைரேகை என்றாலே திருடனைப் பிடிக்க வந்த சமாச்சாரம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் நாட்டில் போலீஸ் அதைக் கையில் எடுப்பதற்கு முன்பே பென்ஷன்காரர்களிடம் கேட்டுவிட்டார்கள். 1858இல் வங்காளத்தில் ஜங்கிப்பூர் பக்கம் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். ரோடு போடச் சரளை சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். நாளைக்கு ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று அவர் கைவிரித்துவிடக் கூடாதே! ஆபீஸ் முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையை அவர் உள்ளங்கையில் தடவி, பத்திரத்தின் பின்பக்கம் அழுத்தி எடுத்துக்கொண்டார் ஹெர்ஷல். ஆளைக் கொஞ்சம் மிரட்டி வைக்கத்தான் அப்போது அது பயன்பட்டது. அதிலிருந்து அவருக்கு ரேகைப் பித்துப் பிடித்துவிட்டது. 1877இல் ஹூக்ளியில் இருந்தபோது பத்திரப் பதிவுக்கு, சிறைக்கு, அப்புறம் பென்ஷனுக்கு என்று ரேகையைக் கட்டாயமாக்கினார். பென்ஷன்காரர் செத்த பிறகும் வேறு யாரோ வந்து பணத்தை வாங்கிப் போகிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு. நீ நவம்பரில் நின்ற வரிசை அங்கேதான் ஆரம்பம். சந்தேகம் நியாயமானதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். நீயும் கோப்பு பார்த்தவன், இந்த மாதிரிக் கதைகள் உனக்குத் தெரியாதா?

கணக்கு வாத்தியார் என்பதால் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. லட்சம் ரேகைச் சீட்டு சேர்ந்துவிட்டால், வேண்டியதைத் தேடி எடுப்பது எப்படி? கல்கத்தாவில் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இளம் போலீஸ்காரர்கள் வழி சொன்னார்கள். பத்து விரலையும் ஐந்து ஜோடியாக்கு. சுழி விழுந்திருந்தால் முதல் ஜோடிக்கு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1. சுழி இல்லையென்றால் பூஜ்யம். ஜோடியில் ஒரு விரலின் மதிப்பு மேலே, மற்றதன் மதிப்பு கீழே. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கூட்டி, ஒவ்வொன்றோடும் 1 சேர்த்துக்கொள். ஆக, மேலே 1 முதல் 32, கீழேயும் அப்படியே. மொத்தம் 1,024 அறை. தபால் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் அறை. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, வெறும் மர அலமாரி! 1897இல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே தனி அலுவலகம் வந்துவிட்டது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கே அது 1901இல்தான் போனது. ஆனால் பெயர் என்னவோ மேலதிகாரிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ‘ஹென்றி முறை’ என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். இவர்கள் இருவருக்கும் பிற்பாடு கான் பகதூர், ராய் பகதூர் பட்டங்களும் சன்மானமும் கிடைத்ததோடு சரி.

சின்ன வயதில் விரல் நுனியில் சங்கா, சக்கரமா என்று பார்த்துக்கொள்வோமே, அந்தச் சக்கரம்தான் இந்தச் சுழி. உனக்கு எந்தெந்த விரலில் சக்கரம் என்று எழுது, எந்த அறை என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் பாண்டியை ஆண்ட உங்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? பாரிஸில் பெர்டியோன் என்பவர் கைதிகளின் தலை, காது, கால் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் 1902இல் ஒரு கொலைகாரனைக் கண்டுபிடிக்க அவருக்கே ரேகைதான் கைகொடுத்தது.

உன் கோபம் புதிதும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் 1906இல் இந்தியர்கள் எல்லோரும் ரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தபோது, காந்தி அந்த ஹென்றி எழுதிய புத்தகத்தையே வாங்கிப் படித்திருக்கிறார். பத்து விரலையும் குற்றவாளிகளிடம்தான் கேட்பார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார். சத்தியாக்கிரகம் அந்தச் சண்டையில்தான் ஆரம்பித்தது. அப்புறம் 1908இல் சமரசம் என்று வந்ததும், அவரே போய் மனமுவந்து ரேகை வைத்தார் என்பது வேறு கதை.

என்னைக் கேட்டால், கைநாட்டு ஆனதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. விழாத ரேகையால் யார் வயிற்றில் அடி விழுகிறது என்பதுதான் விஷயம். தங்கச்சி வீட்டுக்குக் காடாம்புலியூர் போயிருந்தபோது ரேஷன் கடையில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். முந்திரிக் கொட்டை உடைக்கிறவர். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பல் தொட்டுக்கொண்டு, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உடைத்தாலும் அது விடுவதில்லை. விரல் நுனியெல்லாம் கறுத்து, மேல்தோல் உரிந்து, உள்ளே வழவழவென்று இருந்தது. “தலையில தேச்சிட்டு வைம்மா” என்றார் கடைக்காரர். தேய்த்து வைத்தார். சேலையில் துடைத்து வைத்தார். விழவில்லை. மகனைக் கூட்டி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் விசாரித்ததற்கு, “வேல இருந்தா ரேக இல்ல, ரேக இருந்தா வேல இல்லண்ணே” என்றார். அது உண்மைதான். தாய் வயிற்றில் ஆறு மாதம் ஆவதற்குள் முடிவாகிவிடுகிற கோடு அது. அடித்தோலில் பதிந்திருக்கிறது. மேல்தோல் போனாலும், கையைச் சும்மா விட்டால் அதே கோடு திரும்ப வந்துவிடும். சும்மா விட்டால் உலை எப்படிக் கொதிக்கும்? சித்தாள் வேலை செய்கிறவர்கள் கையும் சிமெண்டில் இப்படித்தான் ஆகிறது. உழைக்கிற விரலைக் கணக்கில் எடுக்காமல் ரேஷனுக்கு ரேகையை வைத்தார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

உனக்கு எண்ணெயும் இல்லை, சிமெண்டும் இல்லை. வயசுதான். தோல் தொய்ந்து மேடு பள்ளம் மட்டமாகிவிடுகிறது, ஈரப்பசையும் குறைந்துவிடுகிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே மெஷின் பார்க்கிறது? அடுத்த தடவை வரிசையில் போய் நிற்காதே. 2021இலிருந்து முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம். பேரனிடம் போனைக் கொடு, வெளிச்சத்தில் நின்று கண்ணைச் சிமிட்டு, ஆதார் எண்ணும் பென்ஷன் விவரமும் சரியாக இருந்தால் முடிந்தது. தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுக்கிறார், ஆனால் அவரும் ரேகை மெஷினைத்தான் கொண்டுவந்தால் பழைய கதைதான். இந்த வருஷத்துச் சான்றின் எண்ணை டைரியில் குறித்து வைத்துக்கொள். பென்ஷன் நின்றால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

தை பிறந்ததும் ஒரு நாள் பாண்டிக்கு வருகிறேன். உன் வீட்டுத் தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லு. முந்திரிப் பருப்பு அரை கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்