மடித்த இடத்தில் எண்ணெய் விட்டுக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பருத்தித்துறையில் தட்டை வடை சுட்டு விற்கிறவள் நான். கடைகளுக்கும் கொடுப்பேன், கொழும்புக்கு இரவு பஸ்ஸிலும் போட்டுவிடுவேன். 2017 செப்டெம்பரில், சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கும் வெள்ளை நுரைப் பெட்டியான றெஜிபோமுக்கும் தடை வந்தபோது நான் முணுமுணுக்கவில்லை. கடற்கரையில் அதுகள் கிடந்த கிடையைப் பார்த்தவள். எனக்கு மனக்குறை இப்போது வரும் மட்டைப் பெட்டியில்தான்.

போன ஆடியில் ஒரு வியாபாரி, எண்ணெய் ஊறாத பூச்சுப் பூசிய பெட்டி என்று கொண்டுவந்தார். மடிக்காத மட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். முத்துப்போல நின்றது. துடைத்தால் அடையாளமே இல்லை. நம்பி ஐந்நூறு பெட்டி வாங்கினேன். முதல் பார்சல் கொழும்பில் இறங்கும்போது அகலப்பக்க மடிப்பு இரண்டிலும் எண்ணெய் கசிந்து, வெளியே வெற்றிலை அளவு கறை. வடையின் மொறுமொறுப்பும் போய்விட்டதாம். எண்ணெய் வெளியே வந்த வழியால் ஈரக்காற்று உள்ளே போகாதா?

“சுடச்சுட அடுக்கியிருப்பீங்கள் அக்கா” என்றார் வியாபாரி. சூட்டால் என்றால் நீளப்பக்க மடிப்பு இரண்டும் ஏன் தப்பின? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பதில் சொன்னவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும், முன்பு அச்சகத்தில் வேலை செய்த ஐயா. பெட்டியில் ஒரு துண்டு வெட்டி, பூச்சில்லாத பக்கத்தை நனைத்தார். அது குழாய்போலச் சுருண்டது. குழாயின் நீளம் எந்தப் பக்கமோ, மட்டையின் நாரும் அந்தப் பக்கம் ஓடுகிறதாம். என் பெட்டியில் அது நீளப்பக்கம்; அகலப்பக்க மடிப்பு இரண்டும் நாருக்குக் குறுக்கே விழுந்திருக்கின்றன. நாரோடு மடித்தால் மட்டை பணிந்து போகும், குறுக்கே மடித்தால் இழுபட்டு முறியும், மேலே உள்ள பூச்சும் கூடவே வெடிக்கும். முந்தின பொலித்தீன் படலம் இழுத்தால் நீளும். தண்ணீரில் கலந்து பூசிக் காயவைக்கும் இந்தப் பூச்சுக்கு அவ்வளவு இழுவை இல்லை. பேத்தியின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். மண்சட்டியில் விழும் மயிர்வெடிப்புப் போல மடிப்பு நெடுக ஓடியிருந்தது.

என்னிலும் பிழை உண்டு. சோளகக் காற்றுக் காலத்தில் பெட்டிக் கட்டுகளை அடுப்பங்கரைத் தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தேன். மட்டை காய்ந்தால் இன்னும் சுறுக்காக வெடிக்கும். பத்துப் பெட்டியை ஓர் இரவு தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்து மடித்துப் பார்த்தேன். வெடிப்புக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

நாலு மடிப்பும் நாரோடு போக முடியாது, எனக்கும் விளங்குகிறது. அப்படியென்றால் குறுக்கு மடிப்பைத் தாங்கும் பூச்சும், ஒழுங்காக அழுத்திய மடிப்புக் கோடும் வேண்டும். பெட்டிக் கட்டின்மேல் நார் ஓடும் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி போட எவ்வளவு மை செலவாகும்? விற்க வருகிறவர்கள் இனிப் பெட்டியை மடித்து, அந்த மடிப்பில் எண்ணெய் விட்டு, ஓர் இரவு வைத்துக் காட்டட்டும்.

மிச்சம் நானூற்றுச் சொச்சம் பெட்டி குசினிக்குப் பின்னால் கிடக்கிறது. அச்சகக்காரர் யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவேன்.

வடை சுடும் ஒருத்தி,
பருத்தித்துறை.