லூ வாலஸின் தாள்களைப் படிக்கத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். லூ வாலஸ் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பிரதேசத்தின் (அப்போது அது மாநிலமாகவில்லை) ஆளுநராக இருந்த காலத்து அலுவல் தாள்களைப் படித்துத் தமிழில் எழுதும் வேலை போன வாரம் முடிந்தது. இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. கைப்பிரதியை மூடி வைத்ததும் முதலில் எழுதத் தோன்றியது இந்த மடலைத்தான்.

காப்பகத்தின் வாசிப்பறையில் எனக்கு வழி காட்டிய அம்மையாருக்கு முதல் நன்றி. அமெரிக்கப் பிரதேச ஆளுநர்கள் 1873 வரை வெளியுறவுத் துறைக்கு எழுதினார்கள், அப்புறம் உள்துறைக்கு. இது தெரியாமல் நான்கு நாள் தவறான மைக்ரோஃபிலிம் சுருளை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வாலஸ் வந்தது 1878இல். உள்துறைச் செயலர் கார்ல் ஷர்ட்ஸுக்கு எழுதியதைத் தேடுங்கள்" என்றார். அன்று மதியமே கிடைத்தது. வாலஸ் ஊர் திரும்பும்போது தம்மோடு கொண்டுபோன கடிதங்கள் இண்டியானா வரலாற்றுக் கழகத்தில் இருப்பதைச் சொன்னதும் அவர்தான்.

பழைய கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு என்ன சொல்வது! அந்தக் காலக் கடிதங்களில் தேதிக்குப் பக்கத்தில் 'இன்ஸ்ட்.' என்றோ 'அல்ட்.' என்றோ இருக்கும். முன்னது இந்த மாதம், பின்னது போன மாதம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அதனால் பதினோரு கடிதங்களை ஒரு மாதம் தள்ளி அடுக்கிவிட்டேன். கேள்விக்கு முன்னால் பதில் வந்து நின்றது. ஐயா ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நியூ மெக்சிகோவின் லிங்கன் கவுண்டியில் (மாவட்டத்தில்) நடந்தது வரிசையாகப் புரிந்தது.

அந்த வரிசையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு வியாபாரக் கோஷ்டிகள் மோதிக்கொண்ட இடம் அது. வாலஸ் வந்த சில வாரங்களில், 1878 நவம்பர் 13 அன்று, பொதுமன்னிப்புப் பிரகடனம் வெளியிட்டார். கலவரம் நல்லபடியாக ஓய்ந்துவிட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் கணவனைச் சண்டையில் பறிகொடுத்த சூசன் மக்ஸ்வீனுக்காக வக்கீல் ஹஸ்டன் சாப்மன் வாலஸுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் ஓய்ந்ததாகத் தெரியவில்லை. 1879 பிப்ரவரி 18 இரவு அந்தச் சாப்மனையே லிங்கன் ஊரின் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். கொலையைப் பார்த்தவன் பில்லி த கிட், அந்தச் சண்டையில் துப்பாக்கி ஏந்திய இளைஞன். சாட்சி சொல்கிறேன், என் மேல் இருக்கும் வழக்குகளை நீக்குங்கள் என்று ஆளுநருக்கே எழுதினான். மார்ச் 17 இரவு ஒன்பது மணிக்குத் தனியாக வா என்று வாலஸும் பதில் எழுதினார். பிரகடனத்தை மட்டும் படித்துவிட்டு எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய தவறு செய்திருப்பேன்!

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வருகிறேன். நியூ மெக்சிகோவில் அன்று பெரும்பாலோர் பேசியது ஸ்பானிய மொழி. அரசுக்கு வந்த மனுக்களிலும் அது உண்டு. என் ஸ்பானிய அறிவு அகராதியோடு சரி. பாட்டி நகலைக் கண்ணருகே பிடித்து, விரலால் வரியைத் தொட்டு உரக்கப் படிப்பார், நான் எழுதிக்கொள்வேன். ஒரு மனுவில் ஒப்பத்துக்கு மேலே நான்கு எழுத்துகள் புள்ளி புள்ளியாக இருந்தன. பெயரின் முதலெழுத்துகள் என்று நினைத்திருந்தேன். பாட்டி, "தங்கள் கையை முத்தமிடுபவன் என்று அர்த்தம், என் தாத்தாவும் இப்படித்தான் முடிப்பார்" என்றார். அன்று அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை.

லீவு போட்டுவிட்டு, தலைநகர் சாண்டா ஃபேயிலிருந்து லிங்கனுக்கு வண்டி ஓட்டி வந்த மச்சானுக்கும், என் ஒற்றுப்பிழைகளைப் பொறுமையாகத் திருத்திய தோழிக்கும் நன்றி.

இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் காதில் இது விழப்போவதில்லை. 1870இல், வில்லியம் பைல் ஆளுநராக இருந்தபோது, சாண்டா ஃபேயின் ஆளுநர் அரண்மனையில் கிடந்த ஸ்பானியர் காலத்து ஆவணங்கள் வீண் காகிதமாக விற்கப்பட்டன. ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், அதனால் ஒரு பகுதி மீண்டது. ஆளுநர் அலுவலகத்தில் இருக்கும் தாள் ஆளுநரின் சொத்து இல்லை, எங்களுடையது என்று நடுத்தெருவில் நின்று சொன்ன அந்தச் சனங்களுக்கு என் கும்பிடு.

கடைசி அத்தியாயத்தில் 1881 மார்ச் 27 கடிதம் வருகிறது. சாண்டா ஃபே சிறையிலிருந்து கிட் எழுதியது. சாட்சிக்கு ஈடாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவீர்களா, கடைசித் தடவையாகக் கேட்கிறேன், இதைக் கொண்டுவருபவரிடமே பதில் கொடுத்தனுப்புங்கள் என்கிறான். பதில் வரவில்லை. அந்த இடத்தில் நான் இரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருந்தேன். தோழி அதை அடித்துவிட்டு, கடிதத்தை மட்டும் விட்டுவைத்தாள். அவள் செய்தது சரி.

வருகிற ஞாயிறு பாட்டி வீட்டுக்குக் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த மனு தமிழில் எப்படி ஒலிக்கிறது என்று கேட்க வேண்டுமாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் நண்பன்