டீசல் ரீகால் முடிந்து வந்த வண்டி இழுக்கவில்லையா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அப்டேட் போட்டதிலிருந்து வண்டி செத்துப்போச்சுங்க." எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. ரீகாலில், அதாவது கம்பெனி வண்டியைத் திரும்ப அழைத்து, இன்ஜின் மென்பொருளை மாற்றிப் போடுவதைத்தான் அப்டேட் என்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லிவந்ததை எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறோம்.

ரீகால் வந்த கதை தெரிந்ததுதான். 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்டது. வண்டி சோதனையில் ஓடுகிறதா, ரோட்டில் ஓடுகிறதா என்று மென்பொருளே மோப்பம் பிடித்து, சோதனையில் மட்டும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவை அடக்கி வாசித்திருக்கிறது. அந்த டிசம்பரிலேயே இந்தியாவில் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றிலுமாகச் சேர்த்து 3,23,700 டீசல் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவிப்பு வந்தது. எல்லாம் ஈஏ189 இன்ஜின். பிக்கப்பும் மைலேஜும் குறையாது என்றுதான் கம்பெனி சொன்னது.

இனி நம் வேலைக்கு வருவோம். இன்ஜினுக்குள் சூடு ஏற ஏற நைட்ரஜன் ஆக்சைடு கூடும். அந்தச் சூட்டைத் தணிக்க, வெளியே போகும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடுகிற வால்வுதான் ஈஜிஆர். அப்டேட்டில் அதற்கு வேலை கூடினால் கரியும் கூடப் படியும். லட்சம் கிலோமீட்டர் ஓடி, பாதி அடைத்துப்போன வால்வாக இருந்தால் அப்டேட்டுக்குப் பிறகு அது முரண்டு பிடிப்பதில் ஆச்சரியமில்லை. போன மாதம் ஒரு வண்டியில் கழற்றிய வால்வை உரிமையாளர் கையிலேயே கொடுத்தோம். வடைச்சட்டியின் அடி மாதிரி இருந்தது. சுரண்டி எடுத்த கரி ஒரு டீ கிளாஸ் நிறைந்தது. அது ஒரு மாதத்தில் சேர்ந்த கரி இல்லை.

இன்னொருவருக்கு ஊட்டி ஏறும்போது பர்லியார் தாண்டியதும் செக் லைட் எரிந்து, வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டது. இரண்டாவது கியரில் ஊர்ந்தே குன்னூர் சேர்ந்திருக்கிறார். பழி முழுக்க அப்டேட் மேல். பார்த்தால், காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து அதை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் விரல் நீளத்துக்குக் கீறல்! ஹோஸை மாற்றியதோடு சரி.

அதற்காக எல்லாப் புகாரும் பிரமை என்று சொல்ல மாட்டோம். சுத்தம் செய்து, கசிவு பார்த்து, எல்லாம் சரியாக இருந்தும் கீழ் ஆர்பிஎம்மில் (இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது) மந்தமாகவே நிற்கிற வண்டிகள் உண்டு. அந்த மாதிரி வண்டிக்கு எங்களிடம் மருந்தில்லை. சர்வீஸ் சென்டருக்கே போங்கள். "பார்க்கிறோம் சார்" என்ற வாய்ப்பேச்சோடு திரும்பாமல், புகாரை ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது அவர்கள் எழுதும் வேலைச் சீட்டில்) எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

"ஈஜிஆரை அடைச்சு, ரீமேப் பண்ணி விட்டுடுங்க" என்று, அதாவது ஈஜிஆர் இல்லாமல் ஓடும்படி மென்பொருளை மாற்றச் சொல்லிக் கேட்பவர்களுக்கு: செய்ய மாட்டோம். எதை நிறுத்த ரீகால் வந்ததோ அதையே நாம் காசு கொடுத்துச் செய்துகொள்வதாகும். புகைச் சான்று கிடைத்துவிடுகிறதே என்பார்கள். டீசல் வண்டிக்கு அங்கே பார்ப்பது கரும்புகையின் அடர்த்தியை மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை யாரும் அளப்பதில்லை.

மைலேஜ் குறைந்துவிட்டது என்றால் மீட்டர் காட்டும் கணக்கை நம்ப வேண்டாம். டேங்க் நிரப்பி, ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்கள். மூன்று தடவையாவது. எந்த கியரில், எத்தனை வேகத்தில் இழுவை குறைகிறது, ஏசி ஓடும்போதா, இன்ஜின் சூடான பிறகா என்பதையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாருங்கள். எங்களுக்குப் பாதி வேலை குறையும், உங்களுக்குப் பாதிக் கூலி குறையும்.

ஸ்கேனர் போட்டுப் பார்க்கக் காசு வாங்குவதில்லை. எதையாவது கழற்றினால்தான் கூலி, அதுவும் உங்களிடம் கேட்டுவிட்டே. முடிந்தால் வண்டியை முதல் நாள் மாலையே விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினைக் காலையில் நாங்களே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒர்க்‌ஷாப் நண்பர்கள்,
கோயம்புத்தூர்