பேயும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெற்கு இத்தாலியில் உள்ள கிராக்கோ என்ற மலையூரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. எழுத்துத்தான் எரிச்சலைக் கிளப்பியது. 'பேய் நகரம்' என்று தலைப்பு. உள்ளே போனால் 'சாபம் தீண்டிய ஊர்', 'மக்கள் ஒரே இரவில் மாயமானார்கள்' என்றெல்லாம் வருகிறது. யாரும் மாயமாகவில்லை. மலையை விட்டு இறங்கி, கிராக்கோ பெஸ்கியேரா என்ற பள்ளத்தாக்குப் பகுதியில் குடியேறினார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக இன்றும் சில நூறு பேர் அங்கே இருக்கிறார்கள். ஊராட்சி அலுவலகமும் அங்கேதான்.

என் மகள் தெற்கு இத்தாலியின் பாரி நகரில் வேலை பார்க்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாதத்தில் அவளிடம் போயிருந்தபோது கிராக்கோவுக்கு அழைத்துப் போனாள். டிக்கெட் வாங்கியதும் தலைக்கவசம் ஒன்று தந்தார்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடவில்லை. முதல் நாள் மழை பெய்திருந்தது. நான் பொதுப்பணித் துறையில் மண்ணோடு மல்லுக்கட்டியே ஓய்வுபெற்றவன். கை சும்மா இருக்குமா? மற்றவர்கள் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் பாதையோரத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினேன். நூலாக நீண்டதே தவிர அறுந்துபோகவில்லை. அசல் களிமண். அன்றிரவு காலணியில் ஒட்டியிருந்ததைப் பேனாக்கத்தியால் சுரண்டி எடுக்க அரைமணி நேரம் பிடித்தது. கட்டுரையாளர் சொல்லும் 'சாபம்' இதுதான்.

ஊரின் உச்சியில் இடைக்கால நார்மன் ஆட்சிக் காலத்துக் கோபுரம் கெட்டிப் பாறையின் மேல் நிற்கிறது. அதனால்தான் இன்னும் நிற்கிறது. கீழே இறங்க இறங்கக் களிமண். ஊர் பெருத்தபோது வீடுகளும் அந்தச் சரிவில் இறங்கின. தண்ணீர் குடித்த களிமண் என்ன செய்யுமோ அதைச் செய்தது. குடிநீர்க் குழாயிலும் கழிவுநீர்க் குழாயிலும் கசிந்த நீரும் இதில் சேர்ந்துகொண்டது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அதை நம்புவதற்குச் சிரமம் ஏதும் இல்லை. 1963-இல் பெரிய நிலச்சரிவு ஏற்பட்டு, சுமார் 1,800 பேரைக் கீழே குடியமர்த்தத் தொடங்கினார்கள். 1972-இல் வெள்ளம். 1980-இல் இர்ப்பீனியா நிலநடுக்கம். அதன் பிறகுதான் பழைய ஊர் முழுவதும் காலியானது. ஒரே இரவு எங்கே, பதினேழு ஆண்டுகள் எங்கே!

'1276-இலேயே பல்கலைக்கழகம் இருந்த ஊர்' என்று கட்டுரையாளர் பெருமைப்படுகிறார். இந்தப் பிழை அவர் ஒருவருடையது அல்ல, பலரும் எழுதிப் பரப்பியதுதான். 'உனிவெர்சிதாஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு இடைக்காலத் தென் இத்தாலியில் ஊர்ப் பொதுச்சபை என்று பொருள். வரி கட்டுவதற்கும் பிரபுவிடம் முறையிடுவதற்கும் ஊரார் ஒன்றுகூடிய அமைப்பு அது. அங்கே யாரும் பட்டம் வாங்கவில்லை.

கிராக்கோ எப்போதுமே உழவர்களின் ஊர். 1060-ஆம் ஆண்டு ஆவணத்தில் அது 'கிராக்குலும்' என்று வருகிறது. உழுத சிறு வயல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உழவர்கள் ஏன் சுமார் 400 மீட்டர் உயரத்தில் போய்க் குடியிருந்தார்கள்? 'இயற்கை அழகில் மயங்கி' என்கிறது கட்டுரை. விடியுமுன் கோவேறு கழுதையோடு மலையிறங்கி, பகலெல்லாம் வேலை செய்து, இருட்டியபின் மறுபடி மலையேறியவனுக்கு அழகில் மயங்க எங்கே நேரம்? கீழே ஆற்றோரம் மலேரியா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது ஒழிந்தது. திறந்த வெளியில் கொள்ளைக்காரர் பயம் வேறு. மேலே காற்றும் மதிலும் இருந்தன. ஒரு வீட்டு வாசலருகே சுவரில் பதித்த இரும்பு வளையத்தைப் பார்த்தேன். கழுதையைக் கட்டும் வளையம். கயிறு உராய்ந்து உராய்ந்து அதன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தது. உங்கள் பதினொரு படங்களில் அது இல்லை.

கிரோஸ்ஸி, கார்போனே போன்ற குடும்பங்களின் மாளிகைகளைக் கட்டுரை வாயாரப் புகழ்கிறது. புகழட்டும். அந்தக் காசு கோதுமையில் வந்தது. கோதுமையை விளைவித்தவர்களில் பலருக்குச் சொந்தமாகக் காணி நிலம் கூடக் கிடையாது. 1892-க்கும் 1922-க்கும் இடையில் மட்டும் 1,300-க்கு மேற்பட்டவர்கள் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். நிலம் சரிவதற்கு நெடுங்காலம் முன்பே ஊர் மெலியத் தொடங்கிவிட்டது என்பதைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' திரைப்படத்துக்காக யூதாஸ் தூக்கில் தொங்கும் காட்சியை அங்கே படமெடுத்த கதைக்கு மட்டும் அரைப் பக்கம்!

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது. குறைந்தபட்சம் கடைசிப் படத்தின் கீழுள்ள 'எங்கும் பாழ்நிலம்' என்ற வரியையாவது மாற்றுங்கள். வலப்பக்கம் விலா எலும்பு வரிசைபோல் தெரிபவை 'கலாங்கி' எனப்படும் களிமண் அரிப்புப் பள்ளங்கள். அங்கே பயிர் செய்ய முடியாது, உண்மைதான். இடப்பக்கம் இருப்பது கோதுமை விதைப்புக்கு உழுது போட்ட நிலம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், உழுசால்கள் தெரிகின்றன. மூலையில் ஆரஞ்சு நிறப் புள்ளியாகத் தெரிவது டிராக்டர்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பொறியாளர், மதுரை.